கிற்றார் அம்பிளிபயரின் முதல் நிலை: ஜேஃபெட்டிலும் வால்விலும் கட்டும் முறை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கிற்றார் வாசிக்கிற பலருக்குக் கிற்றாருக்கென்று தனி அம்பிளிபயர் கிடையாது. தேவாலயப் பாடற்குழுவோ, பறங்கியர் வீட்டுக் கல்யாண பைலாவோ, சீசனில் அறுகம்பேயில் வாசிக்கும் குழுவோ, சவுண்ட் சேர்விஸ்காரர் கொண்டுவரும் மிக்சரில் வயரைக் குத்திவிட்டு வாசிப்பதுதான் நடைமுறை. வீட்டில் கணீரென்று கேட்ட கிற்றார் அங்கே போர்வைக்குள் இருந்து வருவதுபோல மந்தமாகிவிடும். உடனே ஒருவர் "வால்வு அம்ப் என்றால் இப்படி ஆகாது" என்பார், இன்னொருவர் ட்ரெபிளைக் கூட்டச் சொல்வார்.

வால்வா (சூடாகி வேலை செய்யும் கண்ணாடிக் குழல்), ரான்சிஸ்டரா என்ற கேள்விக்கு முன்னால் வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. உள்ளீட்டுத் தடை, அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அம்பிளிபயர் காட்டும் தடை, எவ்வளவு? பெருக்கத்துக்கும் சப்ளை வோல்ற்றுக்கும் பொருத்தம் இருக்கிறதா? இரைச்சல் எங்கே பிறக்கிறது? இவற்றுக்குச் சரியாகப் பதில் சொல்லும் எந்த முதல் நிலையும் (கிற்றார் வயர் நேரே வந்து சேரும் பெருக்கும் பகுதி) நன்றாக ஒலிக்கும். பதில் சொல்லாத வால்வு நிலை, எத்தனை வோல்ற்றில் எரிந்தாலும் ஏமாற்றமே தரும். கீழே ஜேஃபெட்டில் (உள்ளீட்டில் ஓட்டமே இழுக்காத ஒரு வகை ரான்சிஸ்டர்) ஒன்றும் வால்வில் ஒன்றுமாக இரண்டையும் கட்டும் முறை இருக்கிறது. முதலாவதாகக் கட்டுகிறவர் ஜேஃபெட்டில் தொடங்கவேண்டும் என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம். அந்தச் சுற்றில் கை பழகாமல் 300 வோல்ற்றுக்குள் கை வைக்கக்கூடாது.

பிக்கப் என்ன கேட்கிறது

சிங்கிள் கொயில் பிக்கப்பை (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) மல்ரிமீற்றரில் அளந்தால் 6 கிலோ ஓம் அளவில் காட்டும். அதை நம்பி 10 கிலோ ஓம் உள்ளீடு போதும் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அந்தச் சுருளுக்கு 2 முதல் 3 ஹென்றி வரை தூண்டல்திறன் உண்டு. 2.5 ஹென்றி என்று வைத்தால், 3000 ஹேர்ட்ஸில் அது 47 கிலோ ஓமாகவும் 5000 ஹேர்ட்ஸில் 78 கிலோ ஓமாகவும் நிற்கும். இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரில் 4, 5 ஹென்றி வரை போவதால் அது இன்னும் கூடும். 10 கிலோ ஓம் லைன் உள்ளீட்டில் இதைச் செருகினால், கீழ்ச் சுரங்களில் பாதிக்கு மேல் போய்ச் சேரும், 3000 ஹேர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்குதான் சேரும். ட்ரெபிளைத் திருகிக் கூட்டும்போது இரைச்சலும் சேர்ந்து கூடுவது இதனால்தான்.

கேபிளும் கணக்கில் வரவேண்டும். மீற்றருக்கு 100 பிகோ பரட் என்றால் 5 மீற்றர் கேபிள் 500 பிகோ பரட். சுருளின் சொந்தக் கொள்ளளவையும் சேர்த்து 600 என்று எடுத்தால், 2.5 ஹென்றியோடு அது 4100 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு மேடு கட்டும். கிற்றாரின் 'கணீர்' என்பது அந்த மேடுதான். உள்ளீடு 1 மெகா ஓம் என்றால் மேடு அப்படியே நிற்கும், 100 கிலோ ஓமுக்கு இறங்கினால் தட்டையாகும், 10 கிலோ ஓமில் இல்லாமலே போகும். ஆகவே கட்டப்போவது எதுவானாலும் 1 மெகா ஓம்.

சிக்னலின் அளவு: சிங்கிள் கொயிலில் சாதாரணமாக வாசித்தால் 100, 200 மில்லி வோல்ற். ஹம்பக்கரில் ஆறு கம்பியையும் அறைந்தால் உச்சி 1 வோல்ற்றைத் தொடும். இந்தப் பத்து மடங்கு வித்தியாசத்தையும் முதல் நிலை தாங்கவேண்டும்.

ஜேஃபெட் நிலை

சாமான்: 2என்5457 ஒன்று (நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள், காரணம் வருகிறது), பிசி549சி ஒன்று, 1 மெகா ஓம், 10 கிலோ ஓம் மூன்று, 1.5 கிலோ ஓம், 1 கிலோ ஓம், 100 கிலோ ஓம், 25 கிலோ ஓம் ட்ரிம் பொட், 10 கிலோ ஓம் லொக் பொட், 47 பிகோ பரட் செராமிக், 22 மைக்ரோ பரட் 16 வோல்ற், 10 மைக்ரோ பரட் 35 வோல்ற், 47 மைக்ரோ பரட் 35 வோல்ற், சின்ன சுவிட்ச் ஒன்று. சிக்னல் போகும் பாதையில் மெற்றல் பிலிம் ரெசிஸ்டரே போடுங்கள்.

ஜேஃபெட்டின் பெரிய தொல்லை, ஒரே நம்பர் போட்ட இரண்டு துண்டுகள் ஒன்றுபோல இருப்பதில்லை. 2என்5457-இன் தரவுத்தாளே முழு ஓட்டம் 1 முதல் 5 மில்லி அம்பியர் வரை என்றும், அணையும் வோல்ற் (ஓட்டம் நின்றுபோகும் கேற்-சோர்ஸ் வோல்ற்) 0.5 முதல் 6 வரை என்றும் சொல்கிறது. இவ்வளவு அகலத்துக்கு ஒரே ரெசிஸ்டர் பொருந்தாது. ஆகவே வாங்கியதை முதலில் அளக்கவேண்டும், 9 வோல்ற் பற்றரி போதும். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து ட்ரெய்ன், சோர்ஸ், கேற். கேற்றையும் சோர்ஸையும் சேர்த்துப் பற்றரியின் மைனஸில் கொடுத்து, பிளஸை மில்லி அம்பியர் மீற்றர் வழியே ட்ரெய்னுக்குக் கொடுங்கள். காட்டுவதுதான் முழு ஓட்டம். பிறகு கேற் மைனஸில், ட்ரெய்ன் பிளஸில், சோர்ஸுக்கும் மைனஸுக்கும் இடையில் வோல்ற் மீற்றரை மட்டும் வையுங்கள். மீற்றரின் உள்தடை மிகப் பெரியது என்பதால், அணையும் வோல்ற்றுக்கு மிகக் கிட்டிய எண் வந்துவிடும். ஓட்டம் 2 முதல் 4 மில்லி அம்பியர், அணையும் வோல்ற் 1.3 முதல் 2.2 வரை உள்ள துண்டைத் தெரிவுசெய்யுங்கள்.

ஜே201 என்ற பெயரை இணையத்தில் அதிகம் காண்பீர்கள். அதன் அணையும் வோல்ற் 0.3 முதல் 1.5 வரைதான். மெல்லிய சிக்னலுக்கு நல்ல துண்டு, ஹம்பக்கருக்கு முன்னால் சீக்கிரம் திணறும். கம்பிக்கால் வைத்த பழைய வடிவத்தைப் பெரிய உற்பத்தியாளர்கள் கைவிட்டதால் போலிகளும் அதிகம். கால் வரிசையில் சந்தேகம் வந்தால் மீற்றரின் டயோட் நிலையில் வையுங்கள். சிவப்பு முனையை எந்தக் காலில் வைத்தால் மற்ற இரண்டுக்கும் 0.6, 0.7 வோல்ற் காட்டுகிறதோ அது கேற். அப்படி ஒரு காலும் இல்லையென்றால் அது ஜேஃபெட்டே இல்லை, அல்லது எரிந்துவிட்டது.

இனிச் சுற்று. ஜாக்கின் நுனியில் இருந்து எர்த்துக்கு 1 மெகா ஓம், அதை ஜாக்கிலேயே பற்றவையுங்கள். அதே நுனியில் இருந்து 10 கிலோ ஓம் வழியே கேற்றுக்கு. கேற்றில் இருந்து எர்த்துக்கு 47 பிகோ பரட், இது கைபேசியின் 'டிர்ர்' சத்தத்தையும் வானொலியையும் தடுக்கும். சோர்ஸில் இருந்து எர்த்துக்கு 1.5 கிலோ ஓம். ட்ரெய்னில் இருந்து 10 கிலோ ஓமும் ட்ரிம் பொட்டும் தொடராகச் சப்ளைக்கு. சப்ளை 24 வோல்ற், 1 கிலோ ஓம் வழியே வந்து 47 மைக்ரோ பரட்டில் தங்கி அங்கிருந்து பிரியவேண்டும்.

ட்ரெய்னை நேரே பிசி549சி-இன் பேஸில் கொடுங்கள். அதன் கலெக்டர் சப்ளைக்கு, எமிட்டரில் இருந்து 10 கிலோ ஓம் எர்த்துக்கு. தட்டை முகம் உங்களைப் பார்த்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எமிட்டரில் இருந்து 10 மைக்ரோ பரட் (பிளஸ் கால் எமிட்டர் பக்கம்) வழியே வொலியூம் பொட்டுக்கு, பொட்டின் நடுக்காலில் இருந்து வெளியே. மிக்சரின் 10 கிலோ ஓம் உள்ளீட்டை எதிர்கொள்ள இந்த இரண்டாவது ரான்சிஸ்டர் தேவை. அதைப் போடாமல் ட்ரெய்னில் இருந்தே வயர் எடுத்தால் பெருக்கம் பாதிக்குக் கீழே விழும்.

பவர் கொடுத்ததும் ட்ரெய்னில் 11.5 வோல்ற் வரும்வரை ட்ரிம் பொட்டைத் திருகுங்கள். முழு ஓட்டம் 3 மில்லி அம்பியர், அணையும் வோல்ற் 1.8 உள்ள துண்டில் சோர்ஸ் 1 வோல்ற் அளவிலும், ஓட்டம் 0.65 மில்லி அம்பியர் அளவிலும், ட்ரெய்ன் பக்கத்து ரெசிஸ்டர் மொத்தம் 16, 17 கிலோ ஓம் அளவிலும் வந்து நிற்கும். அப்போது பெருக்கம் 8 மடங்கு. சோர்ஸ் ரெசிஸ்டருக்கு 22 மைக்ரோ பரட்டை இணையாகப் போட்டால் 25 மடங்கு வரை ஏறும். அதைச் சுவிட்சில் கொடுக்க விரும்பினால் கப்பாசிட்டரின் பிளஸ் காலைச் சோர்ஸிலும், மைனஸ் காலை 100 கிலோ ஓம் வழியே எர்த்திலும் நிரந்தரமாகக் கட்டி, அந்த 100 கிலோ ஓமைச் சுவிட்ச் குறுக்கே வெட்டும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் 'டமார்' என்று அடிக்கும்.

9 வோல்ற் பற்றரியில் இதை ஓட்டலாமா? ஓடும். ஆனால் ட்ரெய்ன் 5 வோல்ற்றில் நிற்கும்போது மேலே போக 4 வோல்ற்தான் இருக்கிறது. 8 மடங்கு பெருக்கவேண்டுமானால் அரை வோல்ற் சிக்னலே அதைத் தின்றுவிடும். ரான்சிஸ்டர் நிலைகள் 'கரகரப்பாக உடைகின்றன' என்ற கெட்ட பெயரில் பெரும்பகுதி இந்தச் சின்னச் சப்ளையால் வந்தது, சிலிக்கனால் வந்ததில்லை. 24 வோல்ற்றுக்கு எல்எம்317 போடுங்கள். 240 ஓமும் 4.3 கிலோ ஓமும் வைத்தால் 23.9 வோல்ற் அளவில் வரும். 24 வோல்ற் ரான்ஸ்போமரைப் பிரிட்ஜில் திருத்திக் கிடைக்கும் 33 வோல்ற் அளவை அதற்குக் கொடுங்கள்.

சாதாரண ரான்சிஸ்டரும் ஐசியும்

பிசி549 போன்றதை நேரடியாக முதல் நிலையில் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: எமிட்டரில் ரெசிஸ்டர் இல்லாத நிலையில் 10 மில்லி வோல்ற் உச்சி வந்தாலே இரண்டாம் சுருதித்துணை (மூலச் சுரத்தின் இருமடங்கு ஹேர்ட்ஸில் கூடவே பிறக்கும் சுரம்) 10 சதவீதத்தை நெருங்கிவிடும். உள்ளீட்டுத் தடையும் சில கிலோ ஓமுக்கு விழும். எமிட்டர் போலோவராக (வோல்ற்றைப் பெருக்காமல் எமிட்டரில் வெளியீடு எடுக்கும் அமைப்பு), 10 கிலோ ஓம் எமிட்டர் ரெசிஸ்டரும் பேஸுக்கு 470 கிலோ ஓம் இரண்டும் வைத்துக் கட்டினால் 200 கிலோ ஓமுக்கு மேல் எடுக்கலாம். அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஐசிகளில் ரிஎல்072 இந்த வேலைக்குப் பொருந்தும், உள்ளே இருப்பது ஜேஃபெட் உள்ளீடு. என்ஈ5532 மைக்குக்கு அருமையான ஐசி, ஆனால் அதன் ஓட்ட இரைச்சல் பிக்கப்பின் பெரிய தடையில் விழுந்து பெருகும். மைக் போர்டைக் கழற்றிக் கிற்றாருக்குப் போட்டவர்கள் கேட்கும் 'ஸ்ஸ்ஸ்' இரைச்சலுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

வால்வு நிலை

இங்கே 12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயரில் ஈசிசி83. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோட். பெருக்கக் காரணி 100.

கட்டுவதற்கு முன்னால் பாதுகாப்பு. 300 வோல்ற்றில் நிற்கும் 47 மைக்ரோ பரட் கப்பாசிட்டர் 2 ஜூல் சக்தியைப் பிடித்து வைத்திருக்கும். சுவிட்சை அணைத்தாலும், பிளக்கைக் கழற்றினாலும் அது அங்கேயே இருக்கும். 220 கிலோ ஓம் 2 வாற் ரெசிஸ்டர் ஒன்றைப் பிரதான கப்பாசிட்டருக்கு இணையாக நிரந்தரமாகப் பற்றவையுங்கள். வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் 10 கிலோ ஓம் 5 வாற் ரெசிஸ்டரை உறையிட்ட கவ்விகளில் பிடித்து மூன்று, நான்கு விநாடி குறுக்கே வைத்து இறக்கி, மீற்றரில் 5 வோல்ற்றுக்குக் கீழே காட்டிய பிறகே கை வையுங்கள். ஸ்குறூ ட்ரைவரால் வெட்டிப் பொறி பறக்கவிடுவது கப்பாசிட்டரையும் கெடுக்கும், கண்ணுக்கும் கூடாது. பவர் இருக்கும்போது அளக்க வேண்டுமானால் கறுப்பு முனையைக் கவ்வியில் சேசிஸில் மாட்டிவிட்டு ஒரு கையால் மட்டும் அளவுங்கள், மற்றக் கை சட்டைப்பைக்குள் இருக்கட்டும். வெறுங்காலோடு, ஈரத் தரையில் இந்த வேலை வேண்டாம்.

பழைய வால்வு றேடியோவில் இருந்து சாமான் கழற்றுவதானால் வால்வின் பெயரைப் பாருங்கள். யூசிஎச்81, யூசிஎல்82, யூவை85 என்று 'யூ' எழுத்தில் தொடங்கினால் அந்த றேடியோவில் ஹீற்றர்கள் எல்லாம் தொடராக 230 வோல்ற்றில் நேரே நிற்கின்றன. பெரும்பாலும் பிரிக்கும் ரான்ஸ்போமர் இருக்காது, சேசிஸே உயிருள்ள கம்பியாக இருக்கலாம். அதில் கிற்றார் ஜாக் பூட்டினால் கிற்றார்க் கம்பியில் கரண்ட் வரும். அந்தச் செற்றைத் தொடவே வேண்டாம். 'ஈ' எழுத்தில் தொடங்கும் வால்வுகள் 6.3 வோல்ற் ஹீற்றர் உள்ளவை.

எர்த் பற்றி ஒன்று. கிற்றார்க் கம்பி கேபிள் வழியே அம்பிளிபயர் சேசிஸோடு சேர்ந்திருக்கிறது. வாசிக்கிறவர் கம்பியைப் பிடித்துக்கொண்டே மைக்கில் உதடு வைக்கிறார், மைக் வேறொரு அம்பிளிபயரோடு, சில வேளை ஜெனரேற்றரில் ஓடும் அம்பிளிபயரோடு சேர்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லையென்றால் வித்தியாச வோல்ற் அவருடைய உடம்பு வழியேதான் போகும். உறுமலைக் குறைப்பதற்காகப் பிளக்கின் எர்த் கம்பியை வெட்டுவது ஒரு உயிரை வைத்து விளையாடுவது. சேசிஸில் எர்த்தைத் தனி போல்ற்றில், பூட்டு வாஷரோடு இறுக்குங்கள். இரண்டு அம்பிளிபயருக்கும் ஒரே பலகையில் இருந்து, ட்ரிப் சுவிட்ச் உள்ள இடத்தில் இருந்து கரண்ட் எடுங்கள்.

சுற்று எளிமையானது. ஜாக்கில் 1 மெகா ஓம், ஜேஃபெட்டில் போலவே. அங்கிருந்து 68 கிலோ ஓம் வழியே வால்வின் 2ஆம் காலுக்கு (கிறிட்), அந்த ரெசிஸ்டரைச் சொக்கற்றின் காலிலேயே ஒட்டப் பற்றவையுங்கள். 3ஆம் காலில் (கதோட்) இருந்து 1.5 கிலோ ஓம் எர்த்துக்கு, அதற்கு இணையாக 22 மைக்ரோ பரட் 25 வோல்ற். 1ஆம் காலில் (பிளேற்) இருந்து 100 கிலோ ஓம் 1 வாற் சப்ளைக்கு. கால் வாற் ரெசிஸ்டர் சூடாகாது என்றாலும், வழக்கமாக அது தாங்கும் வோல்ற் 250தான், அதனால் 1 வாற். பிளேற்றில் இருந்து 22 நனோ பரட் 630 வோல்ற் கப்பாசிட்டர் வழியே 1 மெகா ஓம் வொலியூம் பொட்டுக்கு. சப்ளை 280 வோல்ற், 10 கிலோ ஓம் வழியே 22 மைக்ரோ பரட் 450 வோல்ற்றில் வடிகட்டியது. ஹீற்றருக்கு 4, 5 கால்களைச் சேர்த்து ஒரு பக்கம், 9ஆம் கால் மறுபக்கம், இரண்டுக்கும் இடையில் 6.3 வோல்ற், 300 மில்லி அம்பியர். அந்த இரண்டு வயரையும் இறுக்க முறுக்கிச் சேசிஸின் மூலையோடு கொண்டுபோங்கள். ரான்ஸ்போமரில் நடுமுனை இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத்தில் இருந்தும் எர்த்துக்கு 100 ஓம் வையுங்கள்.

முதல் தடவை பவர் கொடுக்கும்போது 230 வோல்ற் 60 வாற் இழை பல்ப் ஒன்றைத் தொடராகப் போடுங்கள், எல்ஈடி பல்ப் உதவாது. பல்ப் ஒருகணம் மின்னி மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷோர்ட். பல்பைக் கழற்றிய பிறகு பிளேற்றில் 170 முதல் 200 வோல்ற் வரையும், கதோட்டில் 1.2 முதல் 1.6 வோல்ற் வரையும் இருக்கவேண்டும். பிளேற்றில் 280 அப்படியே நின்று கதோட்டில் ஒன்றும் இல்லையென்றால் வால்வில் ஓட்டம் இல்லை: ஹீற்றர் எரிகிறதா, கதோட் ரெசிஸ்டர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த நிலையின் பெருக்கம் 55, 60 மடங்கு. கதோட் கப்பாசிட்டரைக் கழற்றினால் 30 அளவுக்கு இறங்கும். கப்பாசிட்டரின் அளவை மாற்றுவதுதான் தொனியை மாற்றும் மலிவான வழி. 22 மைக்ரோ பரட் கீழ்ச் சுரம் முழுவதையும் தூக்கும். 1 மைக்ரோ பரட் என்றால் 200 ஹேர்ட்ஸ் அளவுக்கு மேலேதான் முழுப் பெருக்கம், ஹம்பக்கரின் கொழகொழப்பு அதோடு தீரும். மார்ஷல் அம்பிளிபயர்களில் பிரபலமான 2.7 கிலோ ஓம், 0.68 மைக்ரோ பரட் சோடியும் இதே காரணத்துக்குத்தான்.

ஹீற்றர் வோல்ற்றைக் கட்டாயம் அளவுங்கள். அனுமதி 5.7 முதல் 6.9 வரை. 230 வோல்ற்றுக்குச் சுற்றிய ரான்ஸ்போமரில் ஜெனரேற்றர் 200 கொடுத்தால் ஹீற்றர் 5.5க்கு விழும், வால்வு சோர்ந்துவிடும். 220 என்று எழுதிய ரான்ஸ்போமருக்கு 240 வந்தால் 6.87, விளிம்பிலேயே நிற்கிறது.

12 வோல்ற் அடாப்ரரில் வால்வை ஒளிரவிடும் சின்னப் பெட்டிகளைப் பற்றி: அந்த வோல்ற்றில் 12ஏஎக்ஸ்7-இல் ஓடுவது மிகச் சொற்ப ஓட்டம், கிறிட் எப்போதும் கொஞ்சம் கடத்திக்கொண்டே இருக்கும், உள்ளீட்டுத் தடை விழுந்துவிடும். அது வேறொரு சத்தம். பிடித்தால் வைத்திருக்கலாம், ஆனால் 280 வோல்ற் நிலையோடு அதை ஒப்பிட முடியாது.

காதுக்குத் தெரியும் வித்தியாசம் எங்கே

வால்வின் 'இனிமை' முதல் நிலையில்தான் பிறக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. கதோட் 1.4 வோல்ற்றில் நிற்பதால், சிக்னலின் மேல் உச்சி 1 வோல்ற்றைத் தாண்டும்போதுதான் கிறிட் கடத்தத் தொடங்கும். சாதாரண வாசிப்பு அங்கே போவதே இல்லை. முதல் நிலை சுத்தமாகவே பெருக்குகிறது. ஆனால் 0.1 வோல்ற் உள்ளே போய் 5.5 வோல்ற்றாக வெளியே வருகிறது, அதே அமைப்புள்ள இரண்டாவது நிலை அதைத் தாங்காது. உடைவு அங்கேதான். அந்த இடத்தில் மேற்பக்கம் கிறிட் கடத்தி மழுங்குகிறது, கீழ்ப்பக்கம் வால்வு மெல்ல அணைகிறது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லாமல் வளைவதால் இரண்டாம் சுருதித்துணை தூக்கலாகக் கேட்கிறது.

ஜேஃபெட்டின் வளைவும் இருபடி வகை என்பதால் அதுவும் இரண்டாம் சுருதித்துணையைத்தான் அதிகம் தரும். 24 வோல்ற்றில், அளந்து தெரிந்த துண்டில், கப்பாசிட்டர் இல்லாமல் ஓட்டினால் சுத்தமான வாசிப்பில் இரண்டையும் கண்ணை மூடிப் பிரித்தறிவது கடினம். கம்பிகளைச் சேர்த்து அறையும்போது வித்தியாசம் வரும்: வால்வுக்கு 280 வோல்ற் இடம் இருக்கிறது, ஜேஃபெட்டுக்கு 24தான்.

இரைச்சலில் ஜேஃபெட் முந்தும். 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் தன் சூட்டினாலேயே 20 கிலோ ஹேர்ட்ஸ் அகலத்தில் 4.7 மைக்ரோ வோல்ற் இரைச்சல் தரும். 10 கிலோ ஓம் தருவது 1.8. வால்விலும் 68-ஐ 10, 22 கிலோ ஓமுக்குக் குறைக்கலாம், வானொலி நுழையாத இடமாக இருந்தால். ஃபெண்டரின் பழைய அமைப்பில் முதல் ஜாக்கில் இரண்டு 68 கிலோ ஓம் இணையாகி 34 ஆவதும் நினைவில் இருக்கட்டும். மறுபக்கம், இந்த ரெசிஸ்டர் மிகக் கூடினால் மேல்ஸ்தாயி விழும். பிளேற்றுக்கும் கிறிட்டுக்கும் இடையில் உள்ள 1.7 பிகோ பரட், 60 மடங்குப் பெருக்கத்தால் 100க்கு மேல் கனத்துக் கிறிட்டில் நிற்கிறது.

அளந்து பார்ப்பது

கைபேசியில் ஒலி உருவாக்கும் செயலி ஒன்றைப் போட்டு 200 ஹேர்ட்ஸ் சைன் அலை எடுங்கள். மலிவு மீற்றர்கள் 400 ஹேர்ட்ஸுக்கு மேல் ஏசியைச் சரியாகக் காட்டாது. 830 வகை மஞ்சள் மீற்றரில் ஏசி 200 வோல்ற்றில்தான் தொடங்கும், இந்த வேலைக்கு 2 வோல்ற் ஏசி நிலை உள்ளது வேண்டும். ஜேஃபெட் நிலைக்கு 0.1 வோல்ற் கொடுத்து 0.8 வந்தால் சரி. உள்ளீட்டுத் தடையை அறிய, கைபேசிக்கும் ஜாக்குக்கும் இடையில் 1 மெகா ஓமைத் தொடராக வையுங்கள். வெளியீடு சரியாகப் பாதியானால் உங்கள் உள்ளீடு 1 மெகா ஓம். கால்வாசிக்கு விழுந்தால் 330 கிலோ ஓம் அளவுதான் இருக்கிறது, எங்கோ கசிவு அல்லது தவறான ரெசிஸ்டர்.

பிழைகள்

உறுமலுக்குக் கிற்றாரே மீற்றர். ஆறாம் கம்பியின் மூன்றாம் கட்டை வாசியுங்கள், அது 98 ஹேர்ட்ஸ். உறுமல் அதற்கு மிகக் கிட்ட, ஒரு மயிரிழை மேலே இருந்தால் 100 ஹேர்ட்ஸ்: சப்ளையின் வடிகட்டல் போதவில்லை, கப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 ஹேர்ட்ஸ்: ஹீற்றர் வயர், எர்த் வளையம், அல்லது ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் இருக்கும் ஜாக். வொலியூமைக் குறைத்தால் உறுமல் போகிறதென்றால் முதல் நிலையில்தான் தேடவேண்டும். ஜாக்கின் எர்த், 1 மெகா ஓம், கதோட் ரெசிஸ்டர், அந்த நிலையின் வடிகட்டிக் கப்பாசிட்டர் இவை நான்கும் ஒரே புள்ளியில் சேரட்டும், அங்கிருந்து ஒரே வயர் சேசிஸுக்கு. வயர் செருகாதபோது இரைந்தால், செருகாத நேரம் எர்த்தோடு ஒட்டும் வகை ஜாக் போடுங்கள்.

வொலியூம் பொட் 'கரகர' என்றால் பொட்டை மாற்றுவதற்கு முன்னால் அதன் மேல்காலில் டிசி அளவுங்கள். வால்வு நிலையில் அரை வோல்ற் இருந்தாலும் 22 நனோ பரட் கசிகிறது. புதியது போடுங்கள், பழைய றேடியோவின் மெழுகுக் கப்பாசிட்டர் வேண்டவே வேண்டாம்.

வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டினால் 'டிங்' என்று ஸ்பீக்கரில் கேட்டால் அது மைக் ஆகிவிட்டது. முதல் நிலையில் இருந்து எடுத்து வேறு நிலைக்கு மாற்றுங்கள். பெருக்கம் அதிகமாகத் தெரிந்தால் 12ஏவை7 (பெருக்கக் காரணி 44) அல்லது 5751 (70) அதே சொக்கற்றில் அப்படியே உட்காரும்.

ஜேஃபெட் நிலை காலையில் நன்றாக இருந்து மாலையில் உடைகிறதென்றால் ட்ரெய்ன் வோல்ற் நகர்ந்திருக்கிறது. கச்சான் காற்றுக் காலத்தில் தகரக் கூரை மண்டபத்தில், மூடிய பெட்டிக்குள் சூடு எளிதாக 50 பாகையைத் தாண்டும். ட்ரிம் பொட்டைப் பெட்டி சூடான பிறகு இன்னொருமுறை சரிசெய்யுங்கள். மலிவு ட்ரிம் பொட் தானாக நகரும், சரிவந்த பின் அளந்து அதே அளவு நிலையான ரெசிஸ்டரைப் போட்டுவிடுவது நல்லது.

ஓட்டோவில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் போய்வரும் அம்பிளிபயர் என்றால், ஜேஃபெட் பெட்டியே எங்கள் தெரிவு. கல்லடியில் ஒரு அறையில் நிரந்தரமாக இருக்கும் அம்பிளிபயருக்கு வால்வு. இரண்டிலும் ஒரு பொது எதிரி வாடைக்காற்று மாதங்களின் ஈரமும் வாவிப் பக்கத்து உப்பும். சப்ளைப் பாதைக்கும் கிறிட்டுக்கும் இடையில் ஈரம் பிடித்த பிளக்ஸ் (ஈயம் பற்றவைத்தபின் மிஞ்சும் பிசின்) 1000 மெகா ஓம் கசிவு தந்தாலே, 1 மெகா ஓமின் குறுக்கே கால் வோல்ற் உருவாகும். 1.4 வோல்ற்றில் நிற்கவேண்டிய நிலை அதனால் நகர்ந்து, சத்தம் கெட்டியாகி, நாலு நாள் வெயிலில் தானே சரியாகும். இப்படி மழைக்கு வந்து வெயிலுக்குப் போகும் பிழையை வால்வு மாற்றித் தேடாதீர்கள். பவரைக் கழற்றி, கப்பாசிட்டரை இறக்கி, போர்டின் கிறிட் பக்கத்தை ஐசோபுரொப்பைல் அற்ககோலும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு கழுவி, முழுதாகக் காயவைத்து, மேலே மின்காப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடியுங்கள். ஜாக்குக்கும் சொக்கற்றின் கால்களுக்கும் வார்னிஷ் படக்கூடாது, தொடுமுனையில் அது பட்டால் அடுத்த பழுது அங்கே இருந்துதான் வரும்.